துப்பாக்கிப் பயிற்சியில் பயிற்றுநர் தவறும் இடங்கள்: முதல் தோட்டாவுக்கான முழுமையான வழிகாட்டி

சுடக் கற்றுக்கொடுப்பவருக்கான வழிகாட்டி இது. முதன்முதலாகப் புதியவர்களைச் சுடுதளத்தில் நிற்கவைக்கப்போகும் பயிற்றுநரையும் அவருக்குத் துணை நிற்பவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கற்க வருபவரும் படிக்கலாம். தன் பயிற்றுநர் எந்தப் படியைத் தாண்டிக்குதிக்கிறார் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

நான் பார்த்தவரை, புதிய பயிற்றுநர் யாரும் விதி தெரியாமல் தடுமாறுவதில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை, சுட விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே, குறி பார்க்கும்வரை விரலை விசையில் வைக்காதே, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இந்த நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தடுமாறுவது வரிசையில். ஒரு படியை முன்பின்னாக மாற்றுவார்கள், அல்லது ‘இன்றைக்கு நேரமில்லை’ என்று ஒன்றை விட்டுவிடுவார்கள். அதனால் படிகளை நடக்கும் வரிசையிலேயே தருகிறேன்.

1. முதலில் பொறுப்பைப் பிரியுங்கள்

சுடும் வரிசையைத் திறப்பதும் மூடுவதும் ஒரே ஒருவர் வேலை. அவர் யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது. ஒருவரின் பிடியைத் திருத்திக்கொண்டிருக்கும் கண்ணால் நான்காவது இடத்தில் திரும்பும் குழலைப் பார்க்க முடியாது.

முதல் தோட்டாவுக்கு ஒரு புதியவருக்கு ஒரு பயிற்றுநர். பத்துப் பேர் வந்து இரண்டு பயிற்றுநர்தான் இருந்தால், இருவர் சுடட்டும், எட்டுப் பேர் பின்னால் உட்காரட்டும். காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

முதலுதவிப் பெட்டி எங்கே, ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே யாரிடம், ஆம்புலன்ஸை அழைப்பது யார், வாசலில் நின்று வழி காட்டுவது யார்? பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ‘யாராவது கூப்பிடுங்கள்’ என்று கத்தினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். சுடுதளத்தின் முழு முகவரியைத் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் தினமும் வரும் இடத்தின் முகவரிகூட வாயில் வராது.

2. வகுப்பறையையும் உண்மைத் தோட்டாவையும் பிரியுங்கள்

என் கணக்கில் மிக முக்கியமான படி இதுதான். மிக எளிதாக விட்டுப்போவதும் இதுதான். பாடம் நடக்கும் அறைக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பயிற்றுநர் இடுப்பில் இருப்பதும் இதில் சேரும்.

2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் போலீஸ் பயிற்சியில் ஒரு பயிற்றுநர் வண்ணத் தோட்டா சுடும் பயிற்சித் துப்பாக்கியோடு தன் உண்மையான துப்பாக்கியையும் வைத்திருந்தார். பயிற்சித் துப்பாக்கி என்று எண்ணி மற்றதை எடுத்துச் சுட்டார். தலையில் குண்டு பாய்ந்த பயிற்சிக் காவலர் பிழைத்தார், ஆனால் ஒரு கண் போனது. பயிற்றுநருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

2016 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவின் புன்டா கோர்டாவில், பொதுமக்களுக்கான போலீஸ் செயல்விளக்கம் ஒன்றில் 73 வயதுப் பெண் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். ரிவால்வரில் இருந்தவை சத்தம் மட்டும் வரும், குண்டில்லாத வெற்றுத் தோட்டா என்று சுட்ட அதிகாரி நினைத்திருந்தார். உண்மையில் அவை வாட்கட்டர் தோட்டாக்கள். வாட்கட்டரின் ஈயம் கேஸின் (தோட்டாவின் உலோகக் கூட்டின்) வாயோடு சமமாக, தட்டையாக உட்கார்ந்திருக்கும். கூரான முனை வெளியே தெரியாது. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றுத் தோட்டா போலவே இருக்கும்.

இரண்டிலும் சுட்டவர்கள் காவலர்கள். உண்மைத் தோட்டா பயிற்சி நடக்கும் இடத்துக்குள் வந்ததுதான் கேடு. எனவே:

பயிற்றுநர் உட்பட எல்லோரும் தங்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் அறைக்கு வெளியே பூட்டிவைக்க வேண்டும். பிறகு ஒருவர் மற்றவரைத் தடவிப் பார்க்க வேண்டும், பை, சட்டைப்பை, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உறை எல்லாவற்றையும். சோதித்தவரை மூன்றாவது ஆள் சோதிக்க வேண்டும். மூத்தவரைச் சோதிக்க இளையவர் கூச்சப்படுவார். அதனால் மூத்தவரே முதலில் கையைத் தூக்கி நிற்க வேண்டும்.

இடையில் யாராவது வெளியே போய்வந்தால், தேநீர் குடிக்கத்தான் போனார் என்றாலும், மறுபடி சோதனை. இந்த ஒரு வரியைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள்.

3. ஆளுக்கேற்ற துப்பாக்கி, துப்பாக்கிக்கேற்ற தோட்டா

முதல் நாளில் உதைப்பு குறைந்த .22 (சிறிய குழல், சிறிய தோட்டா) துப்பாக்கி போதும். பெரிய சத்தமும் பெரிய உதைப்பும் முதல் தோட்டாவிலேயே வந்தால், அடுத்த தோட்டாவுக்குள் கற்பவர் கண்ணை மூடி விசையை வெடுக்கென்று இழுக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தை எடுக்க மாதங்கள் ஆகும்.

ஆனால் .22 என்றால் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் பயிற்றுநர்களுக்கே உண்டு. அந்தச் சின்னத் தோட்டா ஒரு மைலுக்கும் மேல் போகும். இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

புதியவர் கையில் தானியங்கி ஆயுதம், அதாவது விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது, வேண்டவே வேண்டாம். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் 9 வயதுச் சிறுமிக்கு ஒரு பயிற்றுநர் ஊஸி என்ற சிறிய இயந்திரத் துப்பாக்கியைச் சுடக் கற்றுக்கொடுத்தார். ஒற்றைத் தோட்டாவாகச் சுட்டபோது ஒன்றும் ஆகவில்லை. அடுத்து தானியங்கி முறைக்கு மாற்றினார். குழல் துள்ளி மேலேயும் இடப்பக்கமும் ஏறியது. பயிற்றுநர் நின்றதும் இடப்பக்கம்தான். தலையில் குண்டு பட்டு இறந்தார். 2008இல் மாசசூசெட்ஸில் 8 வயதுச் சிறுவன் அதே வகையின் சிறிய மாடலைச் சுட்டபோது தன் தலையிலேயே குண்டு பாய்ந்து இறந்தான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டவருக்கு வயது 15.

அந்தச் சிறுமியால் ஒற்றைத் தோட்டாவைத் தாங்க முடிந்தது உண்மை. தொடர்ந்து வரும் உதைப்பைத் தாங்குவாளா என்பது வேறு கேள்வி. ஒரு படியில் தேறியதை வைத்து இரண்டு படி தள்ளி ஏற்றிவிடுவதுதான் பயிற்றுநர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

தோட்டாப் பொருத்தம்: குழலில் பொறித்திருப்பதையும் பெட்டியில் எழுதியிருப்பதையும் வாய்விட்டுப் படியுங்கள். ஷாட்கன்னில் 12 கேஜும் 20 கேஜும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. கேஜ் என்பது குழல் அளவு; எண் கூடினால் குழல் சிறியது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவி நடுவில் சிக்கி நிற்கும். ‘உள்ளே ஒன்றும் இல்லையே’ என்று பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான்.

4. காது, கண், உடை

துப்பாக்கிச் சத்தம் பெரும்பாலும் 140 டெசிபலுக்கு மேல். ஒரே வெடியில் காதுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். கூரையுள்ள சுடுதளத்தில் நுரைப்பஞ்சு அடைப்பானையும் காதை மூடும் இயர் மஃபையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அடைப்பானை விரலில் உருட்டி மெல்லிதாக்கி, மறுகையால் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், வேடிக்கை பார்ப்பவருக்கும்.

கழுத்து திறந்த சட்டை வேண்டாம். இதற்கான காரணம் எட்டாம் படியில் வருகிறது.

5. கட்டளைகளை முன்கூட்டியே பழக்குங்கள்

காதை அடைத்த பிறகு புதிய சொல் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. அதனால் அடைப்பதற்கு முன்பே கட்டளைகளைச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்து, வெறும் கையால் செய்யவைக்க வேண்டும். ‘நிறுத்து’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் கத்தலாம், நேற்று வந்தவர்கூட. கேட்டதும் விரல் விசையை விட்டு வெளியே வர வேண்டும், குழல் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும், ஆள் அசையக் கூடாது.

கடைசிப் பகுதியை அழுத்திச் சொல்லுங்கள். ‘நிறுத்து’ என்றதும் ‘என்ன சார்?’ என்று துப்பாக்கியோடு திரும்புவதுதான் மனித இயல்பு. அதைப் பழக்கித்தான் போக்க வேண்டும். பாடத்தின் நடுவில், எதிர்பாராத நேரத்தில், ஒரு முறை கத்திப் பாருங்கள். எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று எண்ணுங்கள்.

6. காலித் துப்பாக்கியைச் சோதிக்கும் வரிசை

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். பிஸ்டலைக் காலி செய்ய மூன்று வேலைகள்: மேகசினைக் கழற்றுவது, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழுத்து சேம்பரில் (சுடும்முன் தோட்டா உட்காரும் அறையில்) உள்ளதை வெளியேற்றுவது, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. இந்த வரிசையில்தான்.

முதல் இரண்டையும் மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுக்கிறீர்கள், சேம்பரில் இருந்த தோட்டா வெளியே குதிக்கிறது. ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் சேம்பரில் வைக்கிறது. பிறகு மேகசினைக் கழற்றுகிறீர்கள். கையில் கழற்றிய மேகசின், தரையில் ஒரு தோட்டா. பார்ப்பதற்குக் காலித் துப்பாக்கி. உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், காட்டினால் ஒரு நிமிடம். வெடிக்காத டம்மி தோட்டா நான்கை மேகசினில் போட்டு, தவறான வரிசையில் செய்துகாட்டிவிட்டு, ‘இப்போது காலியா?’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். ஸ்லைடை இழுங்கள். டம்மி வெளியே விழுந்து மேசையில் உருளும். அந்தச் சத்தம் உங்கள் பத்து நிமிடப் பேச்சைவிட ஆழமாக இறங்கும்.

சேம்பரைக் கண்ணால் பார்த்தால் போதாதா, விரல் எதற்கு என்று கேட்பார்கள். நூறாவது முறை பார்க்கும்போது கண், இருப்பதைப் பார்க்காது, எதிர்பார்த்ததைப் பார்க்கும். சுண்டுவிரல் நுனிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

துப்பாக்கி கைமாறும் ஒவ்வொரு முறையும் கொடுப்பவரும் பார்க்க வேண்டும், வாங்குபவரும் பார்க்க வேண்டும். ‘நான் இப்போதுதானே பார்த்தேன்’ என்று கோபித்துக்கொள்ளும் பயிற்றுநரை நான் பார்த்திருக்கிறேன். நானே ஒரு காலத்தில் அப்படி இருந்தேன். ஒரு நாள் நான் பார்த்துக் கொடுத்த துப்பாக்கியை ஒரு மாணவி மறுபடி திறந்தபோது உள்ளே தோட்டா இருந்தது. இரண்டு துப்பாக்கிகளை மேசையில் வைத்திருந்தேன், பார்த்தது ஒன்று, எடுத்துக் கொடுத்தது மற்றொன்று. அவர் ஒன்றும் சொல்லாமல் குழலை மண்மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து என் மேசையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

7. பிடி, விரல், வெறும் சுடுதல்

தோட்டா இல்லாமல் குறைந்தது இருபது முறை விசையை அழுத்திப் பழகட்டும், அதுவும் சுடுதளத்தில், இலக்கை நோக்கி. விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதை ‘விசைக்கு வெளியே’ என்று சொன்னால் போதாது. சட்டகத்தின் பக்கவாட்டில், நீட்டி, அழுத்தி என்று இடத்தைக் காட்டுங்கள். விசைக் காப்பு வளையத்தின் முன்விளிம்பில் தொங்கும் விரல், தடுக்கினால் நேராக விசைக்குத்தான் வழுக்கும்.

ஒரு கை எதையாவது பலமாகப் பிடிக்கும்போது மறுகையும் சேர்ந்து இறுகும். திடுக்கிட்டாலும் கால் தடுக்கினாலும் அதுவே. விரல் வெளியே இருந்தால் இறுகுவதால் ஒன்றும் ஆகாது.

பிஸ்டலில் கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் போனால் கிழிபடும். ரிவால்வரில் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சூடான வாயு பீறிடும். அதன் அருகே விரல் போகக் கூடாது.

8. ஒரே ஒரு தோட்டா

மேகசினில் ஒன்று மட்டும் போடுங்கள். இதில்தான் பயிற்றுநர்களுக்குப் பொறுமை போகிறது. காரணம் எளிது: முதல் உதைப்பில் புதியவரின் கை மேலே எகிறும், விரல் விசையிலேயே இருக்கும், பிடியை இறுக்கிப் பிடிக்கும் வேகத்தில் மறுபடி அழுந்திவிடும். உள்ளே இரண்டாவது தோட்டா இருந்தால் அது கூரைக்குப் போகும், அல்லது அவர் நெற்றிக்கு. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது.

ஒற்றைத் தோட்டாவாக ஐந்து முறை. விரல் தானாக வெளியே வருகிறது, குழல் நிலையாக இருக்கிறது என்று உங்களுக்குப் படும்போது இரண்டு. அப்புறம் ஐந்து. கற்பவர் கேட்டார் என்பதற்காகவோ, அவருடைய உறவினர் வீடியோ எடுக்கிறார் என்பதற்காகவோ கூட்டாதீர்கள்.

நீங்கள் நிற்கும் இடம்: சுடும் கையின் பக்கம், அரை அடி பின்னால், கை நீட்டினால் அவர் முழங்கையைத் தொடும் தூரம். அங்கிருந்து விசைவிரல் தெரியும், அவர் திரும்பினால் கையைத் தடுத்து முன்னே தள்ளவும் முடியும். உங்கள் கண் இலக்கில் இருக்கக் கூடாது. எங்கே பட்டது என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது அவர் கைகளை. தாளில் விழுந்த ஓட்டை எங்கும் ஓடிப்போகாது.

இப்போது அந்தச் சட்டைக் கழுத்து விஷயம். வெளியே பறக்கும் காலிக் கேஸ் நல்ல சூடாக இருக்கும். கழுத்துக்குள் விழுந்தால் ஆள் துள்ளுவார், துப்பாக்கி இருக்கும் கையாலேயே சட்டையை உதறப் பார்ப்பார், குழல் வரிசை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றும். முன்பே சொல்லிவையுங்கள்: சூடு பட்டால் படட்டும், முதலில் துப்பாக்கியை மேசையில் வை, பிறகு உதறு. சின்னக் கொப்புளம் சில நாளில் ஆறிவிடும்.

9. சுட்டும் வெடிக்காவிட்டால்

விசையை அழுத்தினார், ‘க்ளிக்’, ஒன்றும் இல்லை. புதியவர் என்ன செய்வார்? குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பார். நம்பமாட்டீர்கள், படித்தவர்களும் செய்கிறார்கள். எனவே நடப்பதற்கு முன்பே பழக்குங்கள்: குழல் இலக்குப் பக்கமே, விரல் வெளியே, 30 நொடி காத்திரு. சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். அதற்குள் சேம்பரைத் திறந்தால் கைக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

இன்னொன்று இதைவிட ஆபத்து: வெடித்தது, ஆனால் சத்தம் ‘புஸ்’ என்று சன்னமாக, உதைப்பே இல்லாமல். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். உடனே நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும்வரை அந்தத் துப்பாக்கி ஓய்வில். இந்தச் சத்த வித்தியாசம் கற்பவருக்குத் தெரியாது. அது உங்கள் காதின் வேலை.

10. வரிசையை மூடுவது

இலக்கைப் பார்க்க முன்னே போவதற்கு முன்: எல்லாத் துப்பாக்கியும் காலி, திறந்த நிலையில், சேம்பரில் நிறக்கொடி, மேசையில். ஆட்கள் ஒரு அடி பின்னால். வரிசைப் பொறுப்பாளர் ஒவ்வொன்றையும் தன் கண்ணால் பார்த்த பிறகே ‘போகலாம்’. யாராவது முன்னே இருக்கும்போது ஒருவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. துடைப்பதற்கும், படம் எடுப்பதற்கும்கூட.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும், சாப்பிடுவதற்கு முன் கட்டாயம். ஈயத்தூள் கையில் இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

11. பயிற்றுநரைக் கண்காணிப்பது

மாலை நான்கு மணிக்கு நீங்கள் காலை எட்டு மணி ஆள் அல்ல. ஒரே சோதனையை நூறு முறை செய்த கை, நூற்றொன்றாவது முறை செய்ததாக நினைத்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஆள் இல்லாவிட்டால் வரிசையை மூடிவிட்டு இளைப்பாறுங்கள்.

செயல்விளக்கம் காட்டும்போது மாணவர்கள் பக்கம் குழலைத் திருப்பாதீர்கள், ரப்பர் துப்பாக்கியாக இருந்தாலும். ‘இது போலிதானே’ என்று நீங்கள் ஒரு முறை காட்டினால், கற்பவர் எடுத்துக்கொள்வது போலி என்ற சொல்லை அல்ல, திருப்பலாம் என்பதை.

12. மயிரிழையில் தப்பியதை எழுதிவையுங்கள்

யாருக்கும் காயமில்லை என்றால் ‘விடுங்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்று போய்விடுவது வழக்கம். அன்றே, எல்லோரும் கலைவதற்கு முன், நான்கு வரி எழுதுங்கள்: எந்தப் படியில், யார் எங்கே நின்றார், எந்தச் சோதனை விட்டுப்போனது, யார் கவனித்தார். திட்டுவதற்காக எழுதினால் அடுத்த முறை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதனால் முதல் பதிவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

உண்மையாகவே காயம் பட்டால்: ‘நிறுத்து’, வரிசையை மூடு, ரத்தத்தை அழுத்திப் பிடி, பெயர் சொல்லி ஒப்படைத்தவர் அழைக்கட்டும். துப்பாக்கி கிடக்கும் நிலையிலேயே கிடக்கட்டும், யாரும் எடுக்காதபடி பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்துங்கள். எப்படி நடந்தது என்ற பேச்சை ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.